வில்லங்கம்

கிழக்கே கடல், மேற்கே சாலை,
வடக்கே கன்னியாஸ்திரீகள் விட்டுப்போன மடம்,
தெற்கே ப்ரூப்னியாக் வீட்டு மதில்.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது
ஆறாயிரத்து நூற்று நாற்பத்திரண்டு சதுர மீட்டர்
என்கிறது
இரட்டைத்தலைக் கழுகு முத்திரை குத்திய பழைய ஏடு.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது
என்கிறது என் கருவி.
இரண்டு தடவை அளந்தேன்.
மிச்சத்தைக் கடல் கிரயம் செய்துகொண்டது,
சாட்சி இல்லாமல், காசு இல்லாமல்.

லோவ்ரானுக்குத் தெற்கே வில்லா மிரெல்லா
விற்பனைக்கு.
வியன்னாவின் பொத்தான் வியாபாரி
இருமல்கார மனைவிக்காகக் கட்டியது.
இரண்டு குளிர்காலம் இருந்தாள்.
பிறகு ஒரு பட்டாளம், பிறகு வேறொரு பட்டாளம்,
பிறகு கயிற்று ஆலைத் தொழிலாளர்களின் கோடை விடுதி.
சாப்பாட்டு அறை விதானத்தில் நான்கு தேவதைகள்
இன்னமும் முட்டைக்கோஸ் சூப் ஆவியில்
மஞ்சளாகப் பறக்கிறார்கள்.

கிராட்ஸிலிருந்து ஒத்தாவியா வந்திருந்தாள்.
கைப்பையில் பதினோரு பங்காளிகளின் கையெழுத்து.
ஒருவர் ரொசாரியோவில், ஒருவர் பெர்த்தில்,
மருத்துவமனையில் இருப்பவருக்குப் பெருவிரல் ரேகை.
வாங்குகிறவரின் வக்கீல்
வெள்ளை ஷூவோடு தோட்டம் சுற்றினார்.
இந்த தேவதாரு விழுமா?
நீச்சல் குளத்துக்குப் பாறையை வெடிக்க விடுவார்களா?
காமெலியாக்கள் இதழ் இதழாக உதிர்வதில்லை.
முழுப் பூவாக விழும்,
யாரோ தொப்பியைக் கழற்றி வைத்த மாதிரி.
ஒன்று அவர் ஷூமேல் விழுந்தது.

அப்போது தெற்கு மதிலின் இரும்புக் கதவு
கிரீச்சிட்டது.
ஃபூமிட்சா ப்ரூப்னியாக்.
முப்பத்திரண்டாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவள்.
காலை ஷிஃப்ட் முடித்து,
குளியல் அங்கியும் ரப்பர் செருப்புமாக,
வக்கீலுக்கும் ஒத்தாவியாவுக்கும் நடுவே
நல்ல நாள் சொல்லி,
புல்வெளியைக் குறுக்காகக் கடந்து,
படியிறங்கிக் கடலுக்குள் போய்விட்டாள்.

"யார் இது?"

நான் ஏட்டின் மூன்றாம் தாளைப் பிரித்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, மார்ச்.
*ப்ரூப்னியாக் குடும்பத்தார்
மீன் ஏற்றவும் இறக்கவும்
பொதி சுமந்த கழுதை ஒன்று போகும் அகலத்தில்
கடல் வரை
என்றென்றும் நடந்துகொள்ளலாம்.*

"கழுதை எங்கே?" என்றார் வக்கீல்.
செத்து எழுபது வருடம் இருக்கும்.
அகலம் சாகவில்லை.

அவள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது
தொகையைச் சொன்னார்கள்.
நின்றாள்.
எனக்குத் தெரியும், அவள் வீட்டுக் கூரையில்
ஓடு பறந்த இடமெல்லாம் தார்ப்பாய்.
போன பூரா காற்றில் அதுவும் கிழிந்தது.
தொகையை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.
காது பக்கம் தலையைச் சாய்த்துத்
தண்ணீரைத் தட்டி எடுத்தாள்.
"முதலில் நான் எதை விற்கிறேன் என்று
அளந்து காட்டுங்கள்" என்றாள்.

அளப்பது என் பிழைப்பு.
கழுதை எத்தனை அகலம்? பொதி எத்தனை?
மீன் அதிகம் விழுந்த நாளா, வெறுங்கூடை நாளா?
ஒரு மீட்டர் இருபது என்று போட்டேன்.
யாரும் மறுக்கவில்லை.

நாடாவின் ஒரு நுனியை மதில் கதவில் நான் பிடித்தேன்,
மறு நுனியோடு அவள் நடந்தாள்,
மக்னோலியாவைத் தாண்டி,
வறண்ட நீரூற்றைத் தாண்டி,
படிகள், கூழாங்கல், நுரை.
நின்று திரும்பிப் பார்த்தாள்.
"கடல் வந்துவிட்டது, போதுமா?"

ஏட்டைப் பார்த்தேன்.
கடல் வரை என்றுதான் இருக்கிறது.
எந்த வருடத்துக் கடல் என்று இல்லை.

"இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன்.

கணுக்கால். முழங்கால்.
அங்கியின் ஓரம் மிதந்து விரிந்தது.
நாடா என் கையில் இழுபட்டு அதிர்ந்தது,
தூண்டில்போல.
ஒத்தாவியா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்,
எதற்கென்று தெரியாமல்.

இடுப்பளவு நீரிலிருந்து ஃபூமிட்சாவின் குரல்:
"காலில் எல்லைக்கல் இடிக்கிறது!"